ஒரு மதிப்பெண் கேள்வி

கோபிசெட்டிபாளையம்,
மாசி 6.

அன்புள்ள சரசுவுக்கு,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை என்று ராணியிடம் புலம்பியிருக்கிறாய். "பென்ஷன் வந்ததும் அவளுக்குத் திமிரும் வந்துவிட்டது" என்றாயாமே. திமிர் வரவில்லை அம்மிணி, ரத்தக்கட்டி வந்தது. வலது நுரையீரலில். ஒன்பது நாள் ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. ராணிக்கு இன்னும் தெரியாது, நீயும் சொல்லாதே. பச்சைக் குடையோடு கிளம்பி வந்துவிடுவாள். அதைத் தாங்கும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை.

மற்றபடி எல்லோரும் நலம். பேத்திக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. மஞ்சள் வெட்டி வேகவைத்துக் களத்தில் காய்கிறது. விலையை மட்டும் கேட்காதே. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நீ என்னை எப்போது முழு வாக்கியம் பேசவிட்டிருக்கிறாய்? கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து படி.

பாலாமணி வந்து பதினான்கு மாதம் ஆகிறது. டாக்டர் வாயில் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்று நுழைந்த நோய்க்கு நீதான் நம் வார்டன் பெயரை வைத்தாய், அதுவே நிலைத்துவிட்டது. காலையில் எழுந்தால் இரண்டு தோளும் பூட்டிக்கொள்ளும், கொண்டை போடக் கை மேலே போகாது. ஜாக்கெட் கொக்கியை இவர் மாட்டிவிட்ட கதையை உனக்கு எழுதப்போய், நீ அதைத் தாராபுரம் முழுக்கப் பரப்பினாய். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அளவு 86 இருந்தது. தினமும் 15 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் நானே எழுந்து, துணி துவைத்து, உதறிக் கொடியில் போட்டேன். இவர் வாசலில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அந்த மூன்றாம் நாளை மனத்தில் வைத்துக்கொள், அதற்குத் திரும்ப வருவேன்.

பிறகுதான் மாத்திரை தன் வேலையைக் காட்டியது. முகம் பூரி மாதிரி உப்பிற்று. சர்க்கரை ஏறிற்று. இரவு இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டி, அலமாரியை அடுக்கிக்கொண்டிருப்பேன். வளையல் இடித்தாலே கையில் நீலம் பாயும். டோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 6 மில்லிகிராமுக்கு வந்துவிட்டோம். ஆனால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. உடம்பில் எது வந்தாலும் "ஸ்டீராய்டு" அல்லது "பாலாமணி" என்று சொல்லி முடித்துவிடுவேன். களைப்பா? ஸ்டீராய்டு. கோபமா? ஸ்டீராய்டு. இவர்கூட மஞ்சள் விலை இறங்கியதற்கு அதைத்தான் காரணம் சொன்னார்.

தை மாதம் சுந்தரி மகன் கல்யாணத்துக்குச் சென்னை போனேன். நீ வரவில்லை, உன் பங்குக்கும் இரண்டு ஜிலேபி சாப்பிட்டேன். போக எட்டு மணி நேரம், வர எட்டு மணி நேரம் பஸ்ஸில் ஜன்னலோரம் மடங்கி உட்கார்ந்திருந்தேன். வழியில் இறங்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. வந்த மறுநாள் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. லேசான வீக்கம், தொட்டால் சூடு, புடவைக் கரை உரசினாலே வலி. பாலாமணி காலுக்கு இறங்கிவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சுளுக்கு எடுக்கும் பாட்டியைக் கூட்டிவர இவர் போனார், பாட்டி எழவு வீட்டுக்குப் போயிருந்தாள். உடனே தானே விளக்கெண்ணெயைக் காய்ச்சி எடுத்துவந்து இரண்டு இரவு கெண்டைக்காலை உருவிவிட்டார். முப்பத்தாறு வருஷத்தில் என் காலை ஒருநாள் தொட்டதில்லை இந்த மனுஷர்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகனும் மருமகளும் திருப்பூரிலிருந்து வந்திருந்தார்கள். சந்தவை பிழிந்துகொண்டிருந்தேன். முதல் ஈடு இறங்கிற்று. இரண்டாவது ஈட்டுக்கு அச்சில் மாவை அடைத்துக் கைப்பிடியை அழுத்தினேன். பாதி இறங்கிய இழைகள் அப்படியே தொங்க, அடுத்த மூச்சு வரவில்லை. வலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காற்று உள்ளே போகிறது, மார்பு ஏறி இறங்குகிறது, ஆனால் மூச்சு விட்டதாகவே இல்லை. சொம்பைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குடித்தும் நாக்கு நனையாதது மாதிரி. வெளித் திண்ணைக்கு நான்கு படி. மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டேன். நீயும் நானும் ஹாஸ்டல் நாளில் சென்னிமலையின் 1320 படியையும் பேசிக்கொண்டே ஏறியவர்கள்.

அப்போதும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "ஒன்றுமில்லை, மாத்திரை சாப்பிட்டால் இப்படித்தான் வாயு கட்டும், சுக்குத் தண்ணீர் வை." இவர் சுக்கு தட்டப் போய்விட்டார். மருமகள்தான் என் உதட்டைப் பார்த்தாள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவியைத் தேடி எடுத்து மாட்டினாள். 86 என்றது. கருவி கெட்டுவிட்டது என்றேன். தன் விரலில் மாட்டிக் காட்டினாள், 98. மகன் 108-க்குப் போன் செய்துவிட்டான்.

வண்டியில் ஆக்சிஜன் வைத்ததும் எனக்கு நினைவு வந்தது பெருந்துறை. மூச்சு வாங்கினால் நம் அம்மாக்களுக்கு ஒரே ஊர்தானே, பெருந்துறை காசநோய் சானடோரியம். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், உள்ளே தூங்கும் காசநோயை எழுப்பும், காய்ச்சலையே வெளியில் தெரியாமல் அமுக்கிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, பேத்தியை யார் பார்த்துக்கொள்வது என்பது வரை போய்விட்டேன். பார், அங்கேயும் பழி அதே மாத்திரைமேல்தான்.

ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்ததுமே டாக்டருக்குப் பாதி புரிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை, எக்கோ, கையில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன். கெண்டைக்காலின் ஆழ்சிரையில் உறைந்த ரத்தம் பிய்ந்து, மேலே ஏறி, இதயத்தின் வலது பக்கம் நுழைந்து வெளியே வந்து நுரையீரல் தமனியில் அடைத்திருக்கிறது. அழற்சி நோய் உள்ள உடம்பில் ரத்தம் சற்று எளிதாக உறையும், ஸ்டீராய்டும் அதற்குத் துணை போகும், எட்டு மணி நேர பஸ் பயணம் மிச்சத்தை முடித்துவைத்தது என்று அவர் தாளில் படம் போட்டு விளக்கினார்.

நுரையீரல் தமனி! சரசு, எத்தனை வருஷம் அந்த ஒரு மதிப்பெண் கேள்வியைக் கேட்டிருப்பேன்? "அசுத்த ரத்தத்தைக் கொண்டு செல்லும் ஒரே தமனி எது?" வகுப்புக்கு நான்கு பேராவது "நுரையீரல் சிரை" என்று எழுதித் தொலைப்பார்கள், நான் சிவப்பு மையில் வட்டம் போடுவேன். அந்தக் குழாய் என் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தபோது நான் சுக்குத் தண்ணீர் கேட்டேன். எனக்கு யார் வட்டம் போடுவது?

அதற்கும் ஆள் இருந்தாள். இரவுப் பணிக்கு வந்த நர்ஸ், "டீச்சர், என்னைத் தெரிகிறதா? ஏழாம் வகுப்பில் முட்டி போட வைத்தீர்களே" என்று சிரித்தாள். அவள் கையில் ஊசி. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், வயிற்றில், காலை ஒன்று, இரவு ஒன்று. என் வயிறு இப்போது பெயின்ட் கடை அட்டை மாதிரி பல நிறத்தில் இருக்கிறது. பழிவாங்கினாளா என்று கேட்காதே, தங்கமான பெண்.

அவளால்தான் இன்னொரு கண்டத்திலிருந்தும் தப்பினேன். மறுநாள் காலை என் பிரெட்னிசோலோன் வரவில்லை. சேர்க்கும் அவசரத்தில் என் பழைய மாத்திரையை யாரும் சீட்டில் எழுதவில்லை. "வீட்டு மாத்திரைதானே, பிறகு பார்க்கலாம்" என்றார் ஒருவர். எனக்கு வந்த கோபத்தில் ஆக்சிஜன் குழாயோடு எழுந்து உட்கார்ந்தேன். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிதான் உடம்புக்கு வேண்டிய கார்ட்டிசாலைச் சுரக்கிறது. மாதக்கணக்கில் அதே வேலையைச் செய்யும் மாத்திரையைக் கொடுத்தால் சுரப்பி வேலையை மறந்து தூங்கிவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் சுரப்பி எழுந்திருக்காது. வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும், ஆளே சாய்ந்துவிடும். அதிலும் உடம்பு பெரிய நோயோடு மல்லுக்கட்டும்போது வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும். இதையெல்லாம் மூச்சு வாங்க வாங்க நான் பாடம் நடத்த, அந்தப் பெண் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். பதினொரு மணிக்குள் மாத்திரை வந்தது, சில நாளைக்கு இரட்டிப்பாக.

இப்போது ஊசி நின்று மாத்திரை ஆகிவிட்டது. குறைந்தது மூன்று மாதம், அதற்குப் பிறகும் வேண்டுமா என்பதை அப்போது பார்த்துச் சொல்வார்களாம். கீரை சாப்பிடாதே என்று தெருவில் ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். அது ரத்தத்தை இளக்கும் மருந்துகளில் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு, எனக்குக் கொடுத்திருப்பது வேறு என்று சொன்னால் நம்புகிறவர் யாருமில்லை. எனக்கு விலக்கு வலி மாத்திரைதான். ஸ்டீராய்டும் ரத்தத்தை இளக்கும் மருந்தும் உள்ளே இருக்கும்போது அதையும் போட்டுக்கொண்டால் குடலில் ரத்தம் கசியும்.

இவரைப் பற்றித்தான் கவலை. தேய்த்துவிட்டதால்தான் கட்டி பிய்ந்தது என்று எவரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். வீங்கிய காலைத் தேய்த்திருக்கக் கூடாதுதான், ஆனால் அதனால்தான் ஆயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது, தானாகவும் பிய்யும் என்று டாக்டர் நேரிலேயே சொன்னார். இவர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் விளக்கெண்ணெய்ப் பாட்டிலைக் காணோம். தேடினால், தோட்டத்தில் தொட்டிக்குப் பின்னால் மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறது. நான் எடுக்கவில்லை. அவர் பாட்டுக்குக் களத்தில் மஞ்சளைக் கிளறிக்கொண்டிருக்கிறார், நானும் கேட்கவில்லை.

சரி, மூன்றாம் நாளுக்கு வருகிறேன்.

உன் பொங்கல் கடிதத்தை ஆஸ்பத்திரியில் வைத்து நான்கு முறை படித்தேன். "நீ இங்கிலீஷ் மருந்தைத் தின்று ஊதிக்கொண்டிரு, எனக்கு மூட்டுவலிக்கு ஒருவர் பொடி கொடுக்கிறார், மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது, ஆறு மாதமாக ராஜாத்தி மாதிரி நடக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். கல்யாணத்தில் ராணி தன் போனில் உன் படத்தைக் காட்டினாள். கன்னம் இரண்டும் காதை மறைக்கிறது, சரசு. "நல்லா தேறிவிட்டாள்" என்றாள் ராணி. நானும் ஆமாம் என்றேன். அந்த முகத்தை நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன், இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

மூன்று நாளில் மூட்டைத் திறக்கும் மருந்து எது என்று எனக்குத் தெரியும். 1948-இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஹென்ச் என்ற டாக்டர், மூட்டுவலியால் அசைய முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாளில் அவள் எழுந்து நடந்தாள். 1950-இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. பரிசு கொடுத்த பிறகுதான் பக்கவிளைவுகளின் முழு நீளமும் தெரிந்தது. பெயர் போடாத மூட்டுவலிப் பொடிகளில் அதே வகை ஸ்டீராய்டை அரைத்துக் கலந்து கொடுப்பதைச் சோதனையில் பலமுறை பிடித்திருக்கிறார்கள். உன் பொடி அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. சித்த மருத்துவத்தையும் குறை சொல்லவில்லை, என் அப்பாவே நாடி பார்த்தவர். ஆனால் நான் ஆறு மில்லிகிராம் சாப்பிடுகிறேன் என்று எனக்குத் தெரியும். நீ எவ்வளவு சாப்பிடுகிறாய் என்று உனக்குத் தெரியுமா?

உடனே வீராப்பில் பொடியைத் தூக்கி எறிந்துவிடாதே. உன் சுபாவம் எனக்குத் தெரியும், அதற்குத்தான் இத்தனை பக்கம். ஆறு மாதப் பழக்கத்தைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று மேலே அட்ரினல் பாடத்தில் எழுதியிருக்கிறேன், திரும்பப் படி. பொட்டலத்தோடு ஒரு பொது மருத்துவரைப் பார். எத்தனை மாதமாக, எத்தனை வேளை என்று ஒளிக்காமல் சொல். சர்க்கரை, ரத்த அழுத்தம், காலை நேரத்துக் கார்ட்டிசால் மூன்றையும் பார்க்கச் சொல். கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ சுக்கு தட்டாதே.

நீ போகமாட்டாய். அதனால் வருகிற புதன்கிழமை நாங்களே வருகிறோம். மணிக்கொருமுறை இறங்கி நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. காங்கேயத்தில் நிறுத்தும்போது சிவன்மலை உத்தரவுப் பெட்டியில் இந்த முறை ஆண்டவர் யார் கனவில் வந்து என்ன வைக்கச் சொல்லியிருக்கிறார் என்று பார்த்துவிட்டு வரலாம் என்கிறார் இவர். மலைமேல் வரை கார் போகும். பதினைந்து நாளில் அவராக வாய் திறந்து ஆசைப்பட்டுச் சொன்ன முதல் வார்த்தை இது, அதனால் சரி என்றுவிட்டேன்.

மத்தியானத்துக்கு அரிசிம்பருப்பு போதும், கூட ஏதாவது கீரை கடை. பொட்டலம் சமையலறை மாடத்திலேயே இருக்கட்டும், ராணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அன்புடன்,
உன் கோமதி