சம்பளத்தில் பிடித்த சேமநிதியைக் கட்டிவிடுங்கள்: கால்பந்துக் கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கழக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். விஷயம் உங்களுக்குத் தெரியும். அலுவலகத்தில் கேட்டோம், வாட்சாப்பில் கேட்டோம், கேப்டனை அனுப்பியும் கேட்டோம். சம்பளம் தாமதமாவதைப் பற்றி இங்கே பேசவில்லை, பிந்தினாலும் வந்துவிடுகிறது. நான் கேட்பது ஊழியர் சேமநிதியை, எங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பை. எங்கள் சம்பளத்தில் ஏழு மாதமாகப் பிடித்த பணத்தைத் தயவுசெய்து கட்டிவிடுங்கள்.

போன வாரம் அம்மா அப்பாவுக்காக சுங்கை சிப்புட்டில் ஒரு வீடு பார்த்தோம். முன்பணத்துக்குச் சேமநிதியிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம் என்று, முகவர் பக்கத்தில் நிற்கும்போதே கைப்பேசியில் கணக்கைத் திறந்தேன். கடைசியாகப் பணம் வந்து ஏழு மாதமாகியிருந்தது. ஆனால் என் சம்பளச் சீட்டில் மாதா மாதம் 495 வெள்ளி (ரிங்கிட்) கழிந்திருக்கிறது. 4,500 வெள்ளிக்கு 11 விழுக்காடு. அதோடு கழகம் தன் 13 விழுக்காட்டை, 585 வெள்ளியை, சேர்த்து அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். ஏழு மாதத்துக்கு மொத்தம் 7,560 வெள்ளி. அதில் 3,465 வெள்ளி என் சம்பளத்திலிருந்து எடுத்தது.

என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த அம்மா, "காசு கட்டலியாய்யா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா 26 வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய் நின்றவர். அந்தத் தோட்ட நிர்வாகம் ஒன்றும் தாராளமானது கிடையாது. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. ஆனால் சேமநிதி மட்டும் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் கணக்குக் கடிதத்தைத் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டு, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். தோட்டத்தை விற்று எங்களைத் தொழிலாளர் வீடுகளான லயத்தைவிட்டுப் போகச் சொன்னபோது, எங்களைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பணம்தான். ஒரு பழைய தோட்டத்து ஆபீஸ் ஒழுங்காகச் செய்ததைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

எனக்கு 31 வயது. நடுத் தற்காப்பில் ஆடுகிறேன். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. ஆட்டம் முடிந்த மறுநாள் படி இறங்கக் கைப்பிடி வேண்டும். இன்னும் இரண்டு மூன்று பருவம் ஆடினால் பெரிது. சேமநிதியில் ஓய்வுக் காலத்துக்கென்று ஒதுக்கும் பகுதி 55 வயதில்தான் கைக்கு வரும். அதைச் சேர்க்க எனக்கு இருப்பது இந்தச் சில வருடங்கள்தான்.

1980இல் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா தென் கொரியாவை 2-1 என்று வென்ற கதையை அப்பா சொன்னால், கோல் அடித்தவரிடம் தொடங்க மாட்டார். தற்காப்பில் நின்ற சோ சின் ஆன், சந்தோக் சிங் என்றுதான் தொடங்குவார். அந்தப் பெயர்களைக் கேட்டுத்தான் நான் தற்காப்பில் போய் நின்றேன். இன்று எங்கள் பக்கம் தோட்டத்துத் திடல்கள் ஒவ்வொன்றாக வீடுகளாகிவிட்டன. மிச்சமிருக்கும் திடலில் ஆடும் பையன்களின் பெற்றோர் என்னிடம் வந்து, "கால்பந்துல இவனுக்கு எதிர்காலம் இருக்கா தம்பி?" என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்? புதிய சட்டையை அறிமுகம் செய்ய ஓட்டலில் விழா எடுத்து எங்களை மேடையில் நிறுத்தினீர்கள். நின்றோம். அந்தச் செலவுக்குப் பணம் இருந்ததே, எங்கள் பணம் எங்கே போனது?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமலிருப்பது சட்டப்படி குற்றம். சேமநிதி வாரியத்தில் புகார் கொடு என்று பலரும் சொல்கிறார்கள். முதலில் உங்களிடமே கேட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு மட்டும் கட்டிவிட்டுப் போகாதீர்கள். குழுவில் உள்ள அத்தனை பேருக்கும், சட்டை துவைக்கும் அண்ணன் வரைக்கும், வரும் 15ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு வழக்கம்போல் வந்துவிடுவேன்.

பணிவுடன்,
உங்கள் தற்காப்பு ஆட்டக்காரன்
சுங்கை சிப்புட்