ஓட்டப் பாதையில் கொஞ்சம் இடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு எங்கள் ஊரில் நடந்த 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் மகளும் நானும் கலந்துகொண்டோம். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை, ஒரு லாரி போகத்தான் இடம், ஓரத்தில் வாய்க்கால். அதில் ஐந்து பேர் வரிசையாகக் கைகோத்துப் படமெடுத்தபடி நடந்தார்கள். சுற்றிப் போகப் பார்த்த மகள் சரளைக்கல்லில் வழுக்கி விழுந்தாள். முட்டி கிழிந்து காலுறை வரை ரத்தம். ஓடிவந்து தூக்கிவிட்டவர்களும் அவர்கள்தான், நல்ல மனசுக்காரர்கள். காதில் பாட்டு, பின்னால் ஆள் வருவது தெரியவில்லை.

நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன, வலப்பக்கம் முந்துகின்றன. ஓட்டத்துக்கும் அதுவே போதும். நடப்பவர்கள் இடப்பக்கம், இரண்டு பேருக்கு மேல் சேர வேண்டாம். முந்துபவர் “வலது!” என்று குரல் கொடுக்கட்டும். சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தால் ஓரம் போய்க் குனியுங்கள். தண்ணீர் மேசையை மறித்து நிற்காமல் பத்தடி தள்ளிப் போய்க் குடியுங்கள்.

அப்புறம், ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓடுபவர்களை முதலில் அனுப்பி, நடப்பவர்களைச் சில நிமிடம் கழித்து விடுங்கள். அடுத்த ஓட்டத்துக்கும் மகள் பெயர் கொடுத்துவிட்டாள்.

ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்