புகார் கொடுக்க எந்தப் பக்கம் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்பத்திலிருந்து விடியற்காலை ஜீப் ஏறி, இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களில் நானும் ஒருத்தி. பதினெட்டு வருஷமாகப் போகிறேன். பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

என்னோடு வேலை பார்க்கிற தங்கச்சி ஒருத்தி, தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளிகளுக்கான வரிசை வீட்டில், புருஷனோடு தங்கியிருக்கிறாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் செடித் தூரில் குனிந்து இடது கையாலேயே காய் எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். ஈரத்தில் வழுக்குவது எங்களுக்குச் சகஜம், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். மத்தியானம் தூக்குவாளி மூடியை அவளால் திறக்க முடியவில்லை. நான் வாங்கித் திறந்தபோதுதான், புருஷன் அடித்துவிட்டான் என்று சொல்லி அழுதாள்.

மலை மேலேயே ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். மலையாளத்தில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள், சொந்த ஊரில் கொடுப்பதுதான் நல்லது என்றும் சொன்னார்கள். மறுநாள் மலை இறங்கி வந்தோம். அடிபட்டது கேரளாவில்தானே, அங்கேயே கொடுங்கம்மா என்றார்கள் இங்கே. இரண்டு நாள் கூலி போச்சு. ராத்திரி புருஷனுக்கும் தெரிந்துவிட்டது. லயத்து வீடு அவன் பேரில், போன் அவன் பையில், தோட்டத்தில் அட்வான்ஸ் வாங்கியதும் அவன்தான். அதற்குமேல் அவள் எங்கேயும் வர மாட்டேன் என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அப்புறம்தான் ஒரு வக்கீலம்மா சொல்லித் தெரிந்தது. 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி, பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊர், வேலை பார்க்கிற ஊர், எதிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு கொடுக்கலாம். உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். புருஷன் கொடுமை என்று புகார் வந்தால், தங்கள் எல்லை இல்லையென்றாலும் ஸ்டேஷனில் பதிவு செய்ய வேண்டும், 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் அதுவும் இருக்கிறது. பெண்ணுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டாம். இதில் ஒன்றையாவது அந்த இரண்டு நாளில் யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

செக்போஸ்டில் ஜீப் நிற்கிற இடத்தில் இதையெல்லாம் தமிழில் போர்டாக எழுதி வையுங்கள். குடும்ப வன்முறைச் சட்டப்படி பெண்களுக்கு உதவ இருக்கிற தேனி, இடுக்கி இரண்டு மாவட்டப் பாதுகாப்பு அலுவலர்களும் மாதம் ஒரு ஞாயிறாவது கம்பத்தில் வந்து உட்காரட்டும். மற்ற நாளில் வந்தால் எங்களுக்குக் கூலி கிடையாது.

வக்கீலம்மா சொன்னதை அந்தத் தங்கச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஞாயித்துக்கிழமைன்னா வர்றேன்க்கா" என்றாள்.

இப்படிக்கு,
ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவர்,
கம்பம்.