‘இன்று’ பகுதியைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாங்கி வருகிறேன். பொதுத்துறை நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வயது எழுபத்தொன்று, மந்தைவெளியில் வசிக்கிறேன். தலையங்கத்தைப் பற்றியோ அரசியல் செய்திகளைப் பற்றியோ இக்கடிதத்தை எழுதவில்லை. ஆறாம் பக்கத்தின் வலது மூலையில் ‘இன்று’ என்ற தலைப்பில் பொடி எழுத்தில் வந்துகொண்டிருந்த கட்டம், இந்தக் கார்த்திகை முதல் வாரத்தோடு நின்றுபோயிற்று. அந்த இடத்தில் இப்போது ‘நிகழ்ச்சி விவரங்களுக்கு ஸ்கேன் செய்யவும்’ என்ற வரியும் ஒரு க்யூஆர் சதுரமும் மட்டும் இருக்கின்றன. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்தக் கட்டத்தில் என்ன இருந்தது என்பதைத் தங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் ஆகிய இரண்டு நிலையங்களிலும் பதிவான அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை. இருபத்து நான்கு மணி நேரத்தில் பெய்த மழை. சூரிய உதயம், மறைவு. அதற்குக் கீழே அன்றைய கச்சேரிகள், உபந்நியாசங்கள், நாடகங்கள், புத்தக வெளியீடுகள். டிசம்பரில் திரைப்பட விழா நடக்கும் நாட்களில் எந்தத் திரையரங்கில் எத்தனை மணிக்கு எந்த நாட்டுப் படம் என்ற விவரம். இவ்வளவும் ஒன்பது சென்டிமீட்டர் அகலத்திலும் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்திலும் அடங்கிவிட்டன. அடிக்கோல் வைத்து அளந்துதான் எழுதுகிறேன். நான் அளந்த அன்று முதல் பக்கம் முழுவதும் நகைக்கடை விளம்பரம்.

மார்கழி மாதத்தில் என் ஒருநாள் அந்தக் கட்டத்தை வைத்துத்தான் நடந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பேப்பர் வாசலில் விழும் ஓசை கேட்டதும் ஆறாம் பக்கத்தைத் திருப்புவேன். குறைந்தபட்ச வெப்பநிலை இருபது டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால் மஃப்ளரைக் கட்டிக்கொண்டுதான் கபாலீசுவரர் கோயில் மாடவீதியில் பஜனை கேட்கப் போக வேண்டும் என்பது என் மனைவியின் உத்தரவு. பாபநாசம் சிவன் பாடிக்கொண்டே வலம் வந்த வீதிகளில் குல்லாவும் மஃப்ளருமாக நடக்கும் எங்களைப் பார்த்தால் டெல்லியில் இருக்கும் என் மகனுக்குச் சிரிப்பு வரும். இருபது டிகிரிக்குப் போய் மஃப்ளரா என்பான். நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் பதிவானது என்று நான் அவனுக்குச் சொல்வதுண்டு. எங்கள் ஊர்க் குளிரை எங்கள் ஊர் அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

மழைக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளவே எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. வானிலைத் துறையின் கணக்கில் ஒருநாள் என்பது காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. எனவே நேற்று மாலை பெய்த மழையின் முழு அளவு இன்றைய பேப்பரில் இராது, நாளைய பேப்பரில்தான் வரும். இது தெரியாத காலத்தில், கண்ணெதிரே வெளுத்து வாங்கிய மழைக்கு ‘மழை இல்லை’ என்று போட்டிருக்கிறார்களே என்று தங்களுக்கே ஓர் அஞ்சலட்டை எழுதியிருக்கிறேன். அப்போதிருந்த உதவி ஆசிரியர் ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதினார். அந்தப் பதிலை இன்னும் வைத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு மார்கழியில் நடந்த ஒன்றைச் சொன்னால், நான் ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறேன் என்பது விளங்கும். ஒரு வியாழக்கிழமை காலை, முதல் பக்கத்தில் எட்டுப் பத்தித் தலைப்பாக, சென்னையை மழை புரட்டப் போகிறது என்ற பொருளில் செய்தி வந்திருந்தது. அதே இதழின் ஆறாம் பக்கக் கட்டத்தில், ‘ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்’ என்று இருந்தது. நான் கட்டத்தை நம்பி, குடையை எடுத்துக்கொண்டு, மயிலாப்பூரில் ஒரு சபாவில் மதியம் இரண்டு மணிக் கச்சேரிக்குப் போனேன். இருபது வயதைத் தாண்டாத பெண் பாடினாள். அரங்கத்தில் இருந்தவர்களை எண்ணினேன். தம்பூராக் கலைஞரின் தாயாரையும் கேன்டீனிலிருந்து எட்டிப் பார்த்து உட்கார்ந்துவிட்ட ஊழியரையும் சேர்த்துப் பதினொரு பேர். அவள் பூர்விகல்யாணி ராகத்தை எடுத்துக்கொண்டு, யாரையும் எதிர்பார்க்காதவள் போலக் கண்ணை மூடி, நிதானமாக ஆலாபனை செய்தாள். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காப்பி குடிக்கப் போவது நம் சபை வழக்கம். அன்று ஒருவரும் எழவில்லை. பதினொரு பேரில் ஒருவர் எழுந்தால் அது மேடைக்குத் தெரியுமே என்ற கூச்சம் எல்லோருக்கும் இருந்தது. மிருதங்கம் வாசித்த பையன் அதைப் புரிந்துகொண்டான் என்றே நினைக்கிறேன். வழக்கத்தைவிட ஐந்து நிமிடம் கூடுதலாக வாசித்தான். வெளியே வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. குடையைத் தெற்கு மாடவீதியில் வெயிலுக்காகப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

எச்சரிக்கைச் செய்தியே வேண்டாம் என்று நான் சொல்வதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் இந்த நகரம் பட்டபாட்டை முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தவன் நான். டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒருநாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது என்பதை, பேப்பர் வராமல் போன நாட்கள் முடிந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். அந்தக் குளிர்காலத்துத் திரைப்பட விழாகூட 2016 ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் எங்கள் தெருவின் தூங்குமூஞ்சி மரங்களைச் சாய்த்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்காமலேயே நகரத்தை மூழ்கடித்ததையும் நாங்கள் மறந்துவிடவில்லை. அதனால்தான் அச்சத்தை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, அளவையும் இடத்தையும் நேரத்தையும் போடாமல் விடுவது கூடாது என்கிறேன்.

வானிலைத் துறை சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு இருக்கிறது. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு வரைதான். ‘ஒரு சில இடங்களில்’ என்றால் அதற்கு மேல், பாதி வரை. வீட்டில் பேசும்போது இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம். அறிக்கையில் அவை வெவ்வேறு. இருபத்து நான்கு மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்ற நிறங்கள் யார் எந்த அளவுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்பவை. இவற்றை ஒருமுறை கட்டம் கட்டி விளக்கிவிட்டு, முன்னறிவிப்பு எந்த நாள் எத்தனை மணிக்கு வெளியானது என்பதையும் தினமும் குறிப்பிட்டால், வாசகர் தாமே முடிவு செய்துகொள்வார். மாலை அறிக்கையில் எச்சரிக்கை குறைக்கப்பட்டிருந்தும் காலை அறிக்கையையே மறுநாள் பேப்பரில் படித்துவிட்டு வீட்டில் முடங்கிய நாட்கள் எனக்கு உண்டு.

சொல் என்று வந்துவிட்டதால் இன்னொன்று. சென்னைப் புறநகரில் சாலை மறையும்படி மூடுபனி இருந்தால், தங்கள் நிருபர்கள் ‘கடும் பனிப்பொழிவு’ என்று எழுதிவிடுகிறார்கள். பொழிவது வேறு, மூடுவது வேறு. ஊட்டியில் புல்வெளி வெளுப்பது உறைபனி. காஷ்மீரில் கொட்டுவது பனிப்பொழிவு. வண்டலூர்ப் பக்கம் லாரிகளை விளக்குப் போட வைப்பது மூடுபனி. பூசணிப்பூவின் மேல் முத்துமுத்தாக நிற்பது வெறும் பனி. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வேராக இருப்பதால்தான் கூடுதல் கவனம் வேண்டும். 2018 போகியன்று மூடுபனியோடு பழைய பாய், டயர்ப் புகையும் சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமல் போனதை வெறும் பனி என்று எழுதினால் புகைக்குப் பொறுப்பானவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

திரைப்பட விழாவுக்கு வருகிறேன். இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003ஆம் ஆண்டு முதல் சென்னையில் சர்வதேசத் திரைப்பட விழாவை நடத்திவருகிறது. வேலையில் இருந்தவரை விடுப்பு எடுத்தும், ஓய்வுக்குப் பிறகு விடுப்பு எடுக்கும் அவசியமின்றியும், டெலிகேட் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒவ்வோர் ஆண்டும் போகிறேன். தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றிய நட்சத்திரங்களின் படத்தைத் தாங்கள் நான்கு பத்தியில் வெளியிடுகிறீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கும் நட்சத்திரங்களைப் பார்க்கப் பிடிக்கும். ஆனால் மறுநாள் திரையிடப்படும் படத்தைப் பற்றித் தமிழில் மூன்று வரி எங்கும் கிடைப்பதில்லை. நாடு, மொழி, எத்தனை நிமிடம் ஓடும், கதை எதைப் பற்றியது என்பது போதும். அந்த ‘எத்தனை நிமிடம்’ என்பதை அற்பம் என்று நினைக்க வேண்டாம். ஒரு டிசம்பரில் மூன்று மணிக்குத் துருக்கியப் படமொன்றுக்குப் போய் உட்கார்ந்தேன். திரை முழுவதும் பனி கொட்டிக்கொண்டே இருந்தது. அதுதான் உண்மையான பனிப்பொழிவு. குளிரூட்டிய அரங்கில் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு பார்த்தேன். ஐந்து மணிக்குள் முடிந்துவிடும், ஆறு மணிக் கச்சேரிக்குப் போய்விடலாம் என்பது என் கணக்கு. படம் மூன்று மணி நேரத்தைத் தாண்டியது. பாதியில் எழுந்து வரும் படமும் இல்லை அது. அன்று பாடியவரைக் கேட்காமல் விட்ட குறை இன்றும் இருக்கிறது. படத்தைப் பார்க்காமல் வந்திருந்தால் அந்தக் குறையும் இருந்திருக்கும்.

க்யூஆர் சதுரத்தை நான் முயன்று பார்க்காமல் குறை சொல்லவில்லை. பேத்தியின் உதவியோடு மூன்று நாள் ஸ்கேன் செய்தேன். முதலில் அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரம் ஒன்று திரையை அடைத்தது. அதைத் தள்ளியதும் தொலைபேசி எண்ணைப் பதிவு செய்யச் சொன்னது. பதிவு செய்த பிறகு வந்த பட்டியல் முந்தின நாளுடையது. வானிலை அதில் இல்லவே இல்லை. பேத்திக்கும் அலுத்துவிட்டது.

பெரிய சபாக்களுக்கு இதனால் நட்டமில்லை. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி போன்ற நிறுவனங்களின் நிகழ்ச்சிகளை ரசிகர்கள் எப்படியும் தெரிந்துகொள்வார்கள். ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கம் நடத்தும் பண் ஆராய்ச்சிக் கூட்டம், கோயில் மண்டபத்தில் ஓதுவார் பாடும் தேவாரம், மேற்கு மாம்பலத்தில் ஒரு திருமண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் நாடகம், வாடகை நூலகத்தின் மாடியில் நாற்பது நாற்காலி போட்டு நடத்தும் நூல் விமர்சனக் கூட்டம் ஆகியவைதான் அந்தப் பொடி எழுத்தை நம்பியிருந்தன. விளம்பரம் கொடுக்க அவர்களிடம் பணமில்லை. தங்கள் பட்டியலில் ஒரு வரி வந்தால் இருபது பேர் கூடுதலாக வருவார்கள். அந்த இருபதில் ஒருவனாகப் பல மாலைகளில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

இன்னொரு காரணம் முற்றிலும் என் சொந்தக் காரணம். 1994 முதல் ஒவ்வோர் ஆண்டும் மார்கழி முதல் தேதியிலிருந்து போகி வரை அந்தக் கட்டத்தைக் கத்தரித்து, மைதாப் பசையால் ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் அன்று எங்கே போனேன், என்ன கேட்டேன், என்ன பார்த்தேன் என்று இரண்டு வரி எழுதி வருகிறேன். 2015ஆம் ஆண்டில் மட்டும் டிசம்பர் தொடக்கத்திலிருந்தே ஒட்ட நினைத்தேன். முதல் பக்கங்கள் பேப்பர் வராததால் வெறுமையாக இருக்கின்றன. வெறுமை என்பதும் ஒரு பதிவுதான் என்று விட்டுவிட்டேன். இந்த ஆண்டு நோட்டை வாங்கி, தேதி போட்டு, ஒட்டுவதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

ஆண்டு முழுவதும் முடியாவிட்டாலும், டிசம்பர் 16 முதல் பொங்கல் வரையிலாவது ‘இன்று’ பகுதியை முன்போல அச்சில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெப்பநிலையும் மழையும் மேலே, நிகழ்ச்சிகள் கீழே என்ற பழைய வரிசையே வசதியானது. எழுத்தின் அளவை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினால் நல்லது. இரண்டு கண்ணிலும் புரை நீக்கிய பிறகும், மாலை ‘6.15’ஐ ‘5.15’ என்று படித்துவிட்டுப் பூட்டிய வாசலில் ஒரு மணி நேரம் நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மந்தைவெளி, சென்னை