கையெழுத்துப் போடும் முன், சித்தி

அன்புள்ள சித்திக்கு,

நேற்று போனில் நீங்கள் சொன்ன ஒரு விஷயம் ராத்திரி முழுக்க மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. "தெரிஞ்ச பையன்தான், ஹெல்த் இன்சூரன்ஸ் ஃபாரத்தை அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டான். சுகரை எழுதினா பிரீமியம் ஏறும்னு விட்டுட்டான்" என்றீர்கள். நல்லவேளை, நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அப்பாவுக்கு நடந்தது உங்களுக்கு முழுசாகத் தெரியாது. சொந்தக்காரர்கள் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவர் தடுத்துவிட்டார். அவருடைய ஏஜென்டும் தெரிந்தவர்தான். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று ஃபாரத்தில் கேட்டிருந்த இடங்களில் எல்லாம் 'இல்லை' என்று அவரே டிக் அடித்துக் கொடுத்தார். அப்பா கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்திட்டார். இரண்டாவது வருஷம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு அம்மா உள்ளதைச் சொன்னாள், பத்து வருஷமாக சுகர் இருக்கிறது என்று. கேஸ் ஷீட்டில் இருந்த அந்த ஒரு வரியைக் காட்டி கிளைமை மறுத்தார்கள், பாலிசியையும் ரத்து செய்தார்கள். ஏஜென்ட் அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்? காகிதத்தில் இருந்தது அப்பாவின் கையெழுத்து.

அன்றிலிருந்து இன்சூரன்ஸ் பற்றிப் பேச யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, அவர் நம் உடம்பைப் பற்றி எவ்வளவு நேரம் கேட்கிறார் என்பதைத்தான். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறதா, என்ன மாத்திரை, எந்த வருஷத்திலிருந்து, கண்புரைக்கு டாக்டர் தேதி சொல்லிவிட்டாரா என்று கேட்பவர் நாளைக்கு வரப்போகும் கிளைமை மனதில் வைத்து வேலை செய்கிறார். எதையும் கேட்காதவருக்கு இன்றைய பிரீமியம் வந்தால் போதும்.

சுகரை எழுதினால் பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், அது உண்மை. ஆனால் எழுதினால்தான் நமக்குக் கணக்கு தெளிவாக இருக்கும். 2024இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ மாற்றிய விதிப்படி, ஃபாரத்தில் சொல்லிவிட்ட பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்கு கிளைம் கிடைக்காத காலம், அதிகபட்சம் 3 வருஷம்தான். விடாமல் 5 வருஷம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, 'மறைத்துவிட்டார்கள்' என்று சொல்லி கிளைமை மறுக்க முடியாது. 65 வயதுக்கு மேல் புதிதாக எடுக்க முடியாது என்று யாராவது அவசரப்படுத்தினால் அதையும் நம்பாதீர்கள். அந்த வயது வரம்பும் அதே வருஷம் போய்விட்டது.

அந்தத் தம்பியிடம் நீங்கள் கேட்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அவர் ஏஜென்டா, புரோக்கரா? ஏஜென்ட் தன் நிறுவனத்தின் ஆள், அவர் பையில் இருப்பதைத்தான் காட்டுவார். அது தப்பில்லை, ஆனால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். புரோக்கர் பல நிறுவனங்களின் பாலிசிகளைக் காட்ட முடியும், சட்டப்படி நம் தரப்பில் நிற்க வேண்டியவர். இருவருக்கும் கமிஷன் உண்டு. அதைக் கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்கிறாரா என்று பாருங்கள். "முதல் வருஷக் கமிஷன்ல பாதியை உங்களுக்கே தர்றேன்" என்று சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். அது சட்டவிரோதம். விற்கும்போதே விதியை மீறுகிறவரை எப்படி நம்புவது?

கோ-பே, அதாவது பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு, எவ்வளவு என்று கேளுங்கள். மூத்த குடிமக்கள் பாலிசி பலவற்றில் 20 சதவீதம் இருக்கும். 3 லட்சம் பில் வந்தால் 60,000 நம் கையிலிருந்து போகும். அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்பதையும் கேளுங்கள். ஒரு நாளுக்கு 5,000 என்று வரம்பு வைத்த பாலிசியோடு 10,000 ரூபாய் அறையில் படுத்தால், மிச்ச 5,000 மட்டும் நம் செலவு என்று நினைப்போம். அப்படியில்லை. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில், அதாவது பாதியை வெட்டிவிடுவார்கள். மருந்து, உடம்புக்குள் பொருத்தும் இம்பிளான்ட் போன்றவற்றில் அப்படிக் கழிக்கக் கூடாது. இதை ஒரு பழைய பில்லை வைத்து உங்களுக்குப் புரியும்படி அவர் விளக்கினால், தொழில் தெரிந்தவர். "அதெல்லாம் பார்த்துக்கலாம் ஆன்ட்டி" என்றால் வேறு ஆளைத் தேடலாம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று. அவர் மூலம் கிளைம் வாங்கிய இரண்டு குடும்பங்களின் நம்பர் கேளுங்கள், நானே பேசுகிறேன். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு, அதாவது பில்லை இன்சூரன்ஸ் நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டச் சொல்லும் கோரிக்கைக்கு, 1 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு 3 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் நடு ராத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் நின்று அந்த விதியை எடுத்துப் பேச ஒரு ஆள் வேண்டும். அந்தக் குடும்பங்களிடம் நான் கேட்கப்போவது, அன்றைக்கு அவர் போனை எடுத்தாரா என்றுதான்.

தெரிந்தவர் மகன், முகத்தில் அடித்தாற்போல எப்படி மறுப்பது என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. மறுக்க வேண்டாம். "அக்கா பிள்ளை பார்த்துட்டுச் சொல்றேன்னான்" என்று என் தலையில் போடுங்கள். அவசரத்தில் எடுத்துவிட்டாலும், பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அதுவரை போக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். உங்கள் சுகர் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, முட்டி எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அந்தத் தம்பியையும் வரச் சொல்லுங்கள், ஃபாரத்தை உங்கள் முன்னால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி நிரப்பலாம். உங்கள் படிக்கிற கண்ணாடியை மறக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்