கேட்டலாக் பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருகிற ஆகஸ்ட் 12 இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்த நாள். தேசிய நூலகர் தினம். சென்ற வாரம் நாகர்கோவில் போனபோது, நான் படித்த கல்லூரியின் நூலகத்தை எட்டிப் பார்த்தேன். வராந்தாவில், புத்தக விவரக் கார்டுகளை அடுக்கி வைத்திருக்கும் பழைய தேக்கு மரக் கேட்டலாக் பெட்டி சாரலில் நனைந்துகொண்டிருந்தது. பட்டியல் கணினிக்கு மாறிவிட்டதால் கார்டுகளை எடைக்குப் போடப் போகிறார்களாம்.

நான் 1972-இல் சேர்ந்தபோது அங்கே இருந்தவை பூட்டிய கண்ணாடி அலமாரிகள்தாம். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் வர வேண்டும். அந்த ஆண்டுதான் நூலகராக முதன்முதலில் ஒரு பெண் வந்தார். 'லைப்ரரி டீச்சர்' என்போம். "புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே" என்ற ரங்கநாதனின் முதல் நூலக விதியைச் சொல்லி வாதாடி, அலமாரிகளைத் திறக்க வைத்தார். தொலைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். "என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

கோடை விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் அவருக்கு உதவினோம். 1956 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், அதற்கு முந்தைய அக்செஷன் பதிவேட்டில் (வந்து சேரும் புத்தகங்களை வரிசையாகப் பதியும் ஏடு) பாதி மலையாளத்தில் இருந்தது; அவர் விரல் வைத்து வாசிப்பார், நாங்கள் தமிழில் எழுதுவோம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஆசிரியர், தலைப்பு, பொருள் என மூன்று கார்டு. பொருளுக்கு டூயி வகைப்பாட்டு எண்ணும் உண்டு; தமிழ் இலக்கியம் என்றால் 894.811. தேரூர்க் கவிஞரை 'கவிமணி' என்று தேடுகிறவர்களுக்காகத் தனியே ஒரு கார்டு: 'தேசிகவிநாயகம் பிள்ளை – காண்க'. இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டம் இது. ஈரம் ஏறிய புத்தகங்களை மின்விசிறிக்கடியில் தாள் தாளாக விரித்து உலர்த்துவார். எனக்கு அந்த அந்துருண்டை வாசனை இன்னும் போகவில்லை.

பல கார்டுகளின் பின்புறம் பென்சிலில் அவர் எழுதியிருப்பார்: இதைப் படித்தவர் அடுத்து எதைப் படிக்கலாம், எந்த அதிகாரம் தேர்வுக்கு உதவும் என்று. கணினியில் ஏற்றியவர்கள் முன்பக்கத்தை மட்டும்தான் ஏற்றியிருக்கிறார்கள். நானே இரண்டு இழுப்பறைகளை இழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். இதைக் கவனிக்க முழுநேர நூலகரும் இப்போது இல்லை; ஒரு பேராசிரியர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துவருகிறார்.

நிர்வாகம் பெட்டியை முதலில் உள்ளே எடுத்து வைக்கட்டும். கார்டுகளை இருபுறமும் படமெடுத்துப் பட்டியலோடு சேர்க்கட்டும். நூலகர் இடத்தையும் நிரப்பட்டும். படமெடுக்க ஆள் இல்லையென்றால் அன்று உதவிய நால்வரில் மூன்று பேர் இந்த ஊரிலேயே இருக்கிறோம். சொன்னால் மறுநாளே வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தக்கலை