காத்திருக்கும் நேரமும் வேலை நேரம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

செயலி வழியாக டாக்சி ஓட்டுபவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று யார் பேசினாலும், 'அவர்கள் பார்ட்னர்கள், பிடித்தால் ஓட்டலாம், இல்லாவிட்டால் ஆஃப் செய்துவிட்டுப் போகலாம்' என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. நானும் சில வருடங்களாக அப்படி ஒரு பார்ட்னர்தான். கட்டணத்தை நான் முடிவு செய்ததில்லை, கமிஷன் எவ்வளவு பிடிக்கலாம் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை, ரேட்டிங் இறங்கினால் ஐடியே முடங்கிவிடும்.

2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில் இதையெல்லாம்தான் பார்த்தது. ஒப்பந்தத்தில் ஓட்டுநருக்கு என்ன பெயர் கொடுத்திருந்தாலும் சரி, கட்டணம் வைப்பது யார், நிபந்தனை போடுவது யார், ரேட்டிங்கை வைத்து ஆளை நீக்குவது யார் என்று பார்த்து, குறைந்தபட்ச ஊதியமும் ஊதியத்துடன் விடுமுறையும் அவர்களுக்கு உண்டு என்றது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, செயலியை ஆன் செய்து சவாரி எடுக்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரம்தான் என்று அதே தீர்ப்பு சொன்னது.

கலிஃபோர்னியாவில் 2020 நவம்பரில் வாக்கெடுப்பில் வென்ற, செயலி ஓட்டுநர்களுக்கான புரொபொசிஷன் 22 என்ற சட்டம், குறைந்தபட்ச ஊதியத்தில் 120 சதவீதம் உறுதி என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சவாரியை ஏற்றதிலிருந்து பயணியை இறக்கிவிடும் வரைதான் அந்தக் கணக்கு. 8 மணி நேரம் ஆன்லைனில் இருந்தவருக்கு 5 மணி நேரச் சவாரிதான் கிடைத்தது என்றால் மிச்சம் 3 மணி நேரம் யாருடையது? சாப்பிட இறங்கினால் சவாரி போய்விடுமோ என்று போனையே பார்த்துக்கொண்டு நாங்கள் அங்கங்கே நிற்பதால்தான் பயணிக்குச் சில நிமிடங்களில் வண்டி வருகிறது, நிறுவனம் விளம்பரம் செய்து விற்பதும் அதைத்தான்.

ஒரே நேரத்தில் ரெண்டு செயலி ஆன் செய்து வைத்திருப்பவருக்கு யார் கொடுப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதற்குத் தனியாக ஒரு விதி எழுதலாம், அதைக் காட்டி எல்லோருடைய காத்திருப்பையும் பூஜ்யமாக்க வேண்டாம்.

அப்புறம் இந்த ஐடி முடக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த விதிகளில், கணக்கை நிறுத்தும் முடிவை ஒரு மனிதர்தான் எடுக்க வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று இருக்கிறது. இதைக்கூடப் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது என்பது வருத்தமாக இருக்கிறது.

ஆன் செய்த நிமிடமும் ஆஃப் செய்த நிமிடமும் நிறுவனத்தின் சர்வரில் ஏற்கெனவே பதிவாகிறது. சட்டம் எழுதுகிறவர்கள் அந்தக் கணக்கை ஓட்டுநருக்கும் காட்டச் சொல்லட்டும், ஊதியத்தை அதிலிருந்தே ஆரம்பிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு ஓட்டுநர்